கரப்பனும் நமது பயமும்

தரம் 13, உயிரியல் பிரிவு மாணவி

கடந்த வருடம் இரண்டாம் தவணைப் பரீட்சை. இரசாயனவியல் கட்டுரை வினாக்களுக்கு விடை எழுதிக்கொண்டிருந்தபோது தாளின் ஓரத்தில் சிவப்பாக ஒரு பொட்டு விழுந்திருப்பதைக் கண்டேன். பேனை மை கசிந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, இடது மணிக்கட்டை மேசை விளிம்பில் தேய்த்துக்கொண்டே எழுதியிருக்கிறேன். சட்டையின் கை நனைந்திருந்தது. நமது சீருடை வெள்ளை. மறைக்க முடியவில்லை. பரீட்சை முடிந்து வெளியே வந்ததும் பக்கத்து மேசைத் தோழி என் கையைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "தொத்துமா?" என்பதுதான்.

அவள்மீது எனக்குக் கோபமில்லை. ஆறு வருடமாக ஒரே வகுப்பில் இருந்தும் எனக்கு இப்படியொரு வருத்தம் இருப்பது அவளுக்குத் தெரியாது. அவ்வளவு கவனமாக மறைத்து வைத்திருந்தேன். சீருடையின் நீளக் கையும் கழுத்தை மூடும் பர்தாவும் அதற்கு எனக்கு மிகவும் உதவின. இந்தக் கட்டுரையை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு கிழமை யோசித்தேன். எங்கள் வகுப்பிலேயே இன்னும் இரண்டு பேர் இதையே மறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிய வந்த பிறகுதான் எழுதத் துணிந்தேன்.

முதலில் தோழியின் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். தொத்தாது. என் கையைத் தொட்டாலும், என் துவாயைப் பாவித்தாலும், என் பக்கத்தில் தூங்கினாலும் வராது. வைத்தியர்கள் எக்ஸிமா என்று சொல்வதை நமது ஊரில் கரப்பன் என்பார்கள், சிலர் கிரந்தி என்பார்கள். நமது தோலின் வெளிப்படையை ஒரு சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். கலங்கள் செங்கற்கள், அவற்றுக்கிடையே உள்ள கொழுப்புகள் சாந்து. அந்தச் சுவரை உறுதியாக்குவதில் ஃபிலாக்ரின் என்றொரு புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கரப்பன் உள்ள பலரில் அந்தப் புரதத்தை ஆக்கும் மரபணுவில் ஒரு குறை இருக்கிறது என்பது 2006இல் கண்டுபிடிக்கப்பட்டது. எல்லோருக்கும் அந்தக் குறை இல்லை. ஆனாலும் சுவரில் விரிசல் விழுவது எல்லோருக்கும் பொது. உள்ளே இருக்கும் நீர் வெளியேறுகிறது, வெளியே இருக்கும் சவர்க்காரமும் தூசியும் கிருமியும் உள்ளே நுழைகின்றன. உடலின் எதிர்ப்புச் சக்தி தேவைக்கு மிஞ்சிக் கொதித்தெழுகிறது. கடிக்கிறது. சொறிகிறோம். சொறியச் சொறிய இன்னும் விரிசல். எங்கள் வாப்பாவுக்குச் சிறு வயதில் ஆஸ்துமா இருந்தது, ராத்தாவுக்குக் காலையில் எழுந்தால் பத்துத் தும்மல். இவையெல்லாம் ஒரே குடும்பத்தில் கூடி வருபவைதாம். யாருடைய கண்ணூறும் இல்லை, யாரும் அசுத்தமாக இருந்ததாலும் இல்லை.

அசுத்தம் என்ற சொல்தான் என்னை அதிகம் சுட்டது. அதற்காகவே ஒரு காலத்தில் கிருமிநாசினிச் சவர்க்காரம் போட்டு ஒரு நாளைக்கு மூன்று தடவை குளித்தேன், தேங்காய்ப் பொச்சால் தேய்த்தேன். இருக்கிற கொஞ்சச் சாந்தையும் நானே கழுவி எடுத்துவிட்டேன் என்பது பின்னர்தான் விளங்கியது.

அடுத்தது சாப்பாடு. இறால் கூடாது, நண்டு கூடாது, சூரை மீன் கூடாது, கத்தரிக்காய் கூடாது, தக்காளி கூடாது, முட்டை கூடாது. வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் பட்டியலில் ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போவார்கள். தரம் எட்டில் நான் சோறும் பருப்பும் புடலங்காயும் மட்டும் சாப்பிட்டு மெலிந்துபோனேன். கடி மட்டும் மெலியவில்லை. கைக்குழந்தைகளில், அதுவும் கரப்பன் கடுமையாக உள்ளவர்களில், சிலருக்கு உண்மையாகவே உணவு ஒவ்வாமை இருக்கும். அதை வைத்தியர் விசாரித்து, தேவையென்றால் சோதித்து உறுதிப்படுத்துவார். ஊர் சொல்வதைக் கேட்டு வளரும் பிள்ளையின் தட்டிலிருந்து மீனையும் முட்டையையும் எடுப்பது வேறு விடயம்.

இப்போது நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன்.

தரம் ஒன்பதில் வாப்பா என்னை அரசாங்க ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். வைத்தியர் இரண்டு பொருட்கள் தந்தார். ஒன்று, தோலில் பூசும் ஈரப்பதக் களிம்பு, ஒரு பெரிய போத்தல் நிறைய. மற்றது ஒரு சிறிய டியூப், ஹைட்ரோகோர்ட்டிசோன் ஒரு வீதம். வீட்டுக்கு வந்ததும் அயல்வீட்டு மாமி டியூப்பை வாங்கிப் பார்த்தார். "அல்லாஹ்வே, இது ஸ்டெரொய்ட் எல்லா! எலும்பு கரைஞ்சிரும். குமர்ப்பிள்ளைக்கு மீசை முளைக்கும்" என்றார். அவ்வளவுதான். டியூப் பிரிட்ஜின் கதவில், தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தலுக்குப் பக்கத்தில், இரண்டு வருடம் திறக்கப்படாமலே இருந்தது. பெரிய போத்தலையும் "இது வெறும் கிறீஸ்தானே, மருந்தில்லையே" என்று சொல்லி மூலையில் வைத்துவிட்டோம். அடுத்த கிளினிக் தினத்துக்கும் போகவில்லை.

பதினாறு வயதில் சாச்சியின் மகளுக்குக் கலியாணம். என் கழுத்தில் கருமையும் சிவப்புமாகத் திட்டுகள். "நாலு பேர் பார்க்கிற இடம், நாளைக்கு உனக்கும் பேச்சு வரும்" என்று உம்மாவுக்குக் கவலை. யாரோ தொலைபேசியில் ஓர்டர் எடுத்து விற்கிற முகவெண்மைக் கிறீம் ஒன்று வீட்டுக்கு வந்தது. உள்ளங்கையில் அடங்குகிற வட்ட டப்பா. யார் செய்தது, எங்கே செய்தது, உள்ளே என்ன என்று ஓர் எழுத்தும் இல்லை. அந்த டப்பாவைப் பார்த்து எங்கள் வீட்டில் ஒருவரும் பயப்படவில்லை. அயல்வீட்டு மாமியும்தான். அவரே ஒன்று வாங்கினார்.

மூன்று நாளில் கழுத்து பளிங்குபோல ஆனது. நான் கையிலும் பூசினேன், முகத்திலும் பூசினேன். இரண்டு மாதம். டப்பா முடிந்து நிறுத்திய நாலாம் நாள் முகம் நெருப்பில் வைத்ததுபோல எரிந்தது. சிவந்தது, வீங்கியது, பருக்கள் கொப்பளித்தன. கன்னத்தில் பூனை மயிர் வேறு. மாமி சொன்ன மீசை கடைசியில் வந்தேவிட்டது, ஆனால் வேறு வாசலால்.

திரும்பவும் கிளினிக். வைத்தியர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று ஆய்வுகூடத்தில் சோதிக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும், இவ்வளவு விரைவில் கடி நின்று இவ்வளவு மோசமாகத் திரும்பினால் க்ளோபெட்டசோல் போன்ற வீரியமான ஸ்டெரொய்ட் கலந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றும் சொன்னார். அது எனக்குத் தந்த ஹைட்ரோகோர்ட்டிசோனைவிடப் பல நூறு மடங்கு வீரியமானது. இப்படியான டப்பாக்களில் மேர்க்குரியும் இருப்பதுண்டு, அது தோல் வழியாக உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தைத் தாக்கும். பிறகு உம்மாவைப் பார்த்து, "நான் அளந்து தந்ததற்குப் பயந்தீங்க. அளவே தெரியாததுக்குப் பயப்படல்லையா?" என்று கேட்டார். உம்மா அழுதுவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை, வெட்கமாக இருந்தது. அந்தக் கேள்வியை நமது ஊரின் எல்லா வீடுகளிலும் கேட்க வேண்டும் என்பதுதான் என் கருத்து.

ஸ்டெரொய்ட் பூச்சு ஆபத்தே இல்லாதது என்று நான் சொல்லவில்லை. வீரியமானதை மெல்லிய தோலில், அதாவது முகம், கண் இமை, கழுத்து, அக்குள் ஆகிய இடங்களில் நீண்ட காலம் பூசினால் தோல் மெலியும், நரம்புகள் தெரியும், கோடுகள் விழும். கண்ணைச் சுற்றிப் பூசினால் கண்ணுக்குள் அமுக்கம் கூடலாம். இதெல்லாம் உண்மை. ஆனால் 1952ஆம் ஆண்டு முதல் தோல் வைத்தியர்கள் பாவித்துவரும் மருந்து இது. எந்த வீரியம், எந்த இடம், எத்தனை நாள் என்ற மூன்றையும் அறிந்து பாவித்தால் பயப்படத் தேவையில்லை. எனக்குச் சொல்லப்பட்ட முறை மிக எளிது. கரப்பன் கிளர்ந்து சிவந்திருக்கும் நாட்களில் ஒரு நாளைக்கு ஒரு தடவை, சிவப்பும் கடியும் அடங்கும்வரை, அந்த இடத்தில் மட்டும். பிறகு நிறுத்திவிட்டு ஈரப்பதக் களிம்பு மட்டும். அடிக்கடி கிளரும் இடங்களுக்கு, அடங்கிய பிறகும் கிழமைக்கு இரண்டு நாள் பூசும்படி சிலருக்குச் சொல்வார்கள். அது வைத்தியர் தீர்மானிப்பது.

அளவுக்கு ஓர் அழகான வழி இருக்கிறது. பெரியவர் ஒருவரின் சுட்டுவிரலில், நுனியிலிருந்து முதல் மடிப்பு வரைக்கும் டியூப்பிலிருந்து பிதுக்கினால் ஏறத்தாழ அரைக் கிராம். அது இரண்டு கைகளின் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த பரப்புக்குப் போதும். நாங்கள் பயத்தில் ஒரு சோற்றுப் பருக்கையளவு எடுத்து முழங்கை முழுவதும் தேய்ப்போம், பிறகு மருந்து வேலை செய்யவில்லை என்போம்.

முகத்துக்கும் இமைக்கும் ஸ்டெரொய்ட் இல்லாத பூச்சு ஒன்றும் உண்டு. டக்ரோலிமஸ் என்று பெயர். 1984இல் ஜப்பானின் ட்சுகுபா பகுதி மண்ணில் இருந்த ஒரு பக்றீரியாவிலிருந்து எடுக்கப்பட்டது என்று வாசித்தபோது, பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்யும் பக்றீரியாக்களின்மீது எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. முதல் சில நாட்கள் எரியும். தோலை மெலியச் செய்யாது. மிகக் கடுமையான கரப்பனுக்கு 2017இல் அமெரிக்காவில் டுப்பிலுமாப் என்ற ஊசிமருந்துக்கு அனுமதி கிடைத்தது. அதன் விலை நம்மைப் போன்ற குடும்பங்கள் எண்ணிப் பார்க்கக்கூடியதல்ல. தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மாத்திரையைச் சிலர் மாதக்கணக்கில் போடுகிறார்கள். அது தூங்க வைக்கும், கரப்பன் கடியைப் பெரிதாகக் குறைக்காது. மறுநாள் பௌதிகவியல் பாடத்தில் தலை சாயும்.

உண்மையில் எல்லாவற்றுக்கும் அடிப்படை நாங்கள் மூலையில் வைத்த அந்தப் பெரிய போத்தல்தான். உடம்பு முழுவதும் வறண்டவர் ஒருவருக்குக் கிழமைக்குக் கால் கிலோவுக்கு மேல் தேவைப்படலாம் என்று அறிந்தபோது வாயடைத்துப் போனேன். நான் ஒரு மாதத்துக்கு அதில் பாதிகூடப் பாவிக்கவில்லை. இப்போது ஐந்து, பத்து நிமிடத்தில் குளியல் முடியும். கொதிநீர் இல்லை. நுரைக்கும் சவர்க்காரத்தை அழுக்கும் வியர்வையும் உள்ள இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோலில் ஈரம் இருக்கும்போதே, ஒரு மூன்று நிமிடத்துக்குள், களிம்பைக் கீழ்நோக்கி நீவிப் பூசுகிறேன். இங்கே கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பாடசாலைப் பையிலும் ஒரு சிறிய டப்பா இருக்கும். விலை கூடிய வெளிநாட்டுக் களிம்புதான் வேண்டும் என்றில்லை. வாசனை சேர்க்காத சாதாரண வெள்ளை வஸலினும் காப்பாற்றும். ஒரேயொரு எச்சரிக்கை: களிம்பு ஊறிய துணி நெருப்பில் இலகுவாகப் பற்றும். சமையலறைக்குப் போகும்போது தாவணியையும் சட்டைக் கையையும் கவனியுங்கள்.

எங்கள் உம்மம்மா தேங்காயெண்ணெய் பூசச் சொல்வார். நான் சிரிப்பேன். பிலிப்பைன்ஸில் 117 பிள்ளைகளில் எட்டுக் கிழமை செய்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. மிதமான கரப்பனுக்கு வேர்ஜின் தேங்காயெண்ணெய், கனிய எண்ணெயைவிட நல்ல பலன் தந்தது என்று அதில் கண்டிருக்கிறார்கள். உம்மம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அதுக்கு ஏன் பிலிப்பைன் போகணும், எனக்கிட்டக் கேட்டிருக்கலாமே" என்றார். ஸைத்தூன் எண்ணெயின் கதை வேறு. 2013இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வில் அது தோலின் சுவரைப் பலவீனப்படுத்துவதாகக் கண்டார்கள். ஸைத்தூன் பரக்கத் பொருந்திய மரம் என்பதில் நமக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. சாப்பிடுவோம். விரிசல் விட்ட தோலுக்கு மட்டும் வேறு ஒன்றைத் தேடுவோம்.

வுழூ பற்றிப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஐந்து தடவை நீர் பட்டுக் காய்ந்தால் வறட்சி கூடத்தானே செய்யும் என்று. நீர் பட்டபின் பூசாமல் விடுவதுதான் வறட்சி. வுழூச் செய்து, ஒற்றி எடுத்து, உடனே கொஞ்சம் பூசிவிட்டுத் தொழுகிறேன். அடுத்த வக்துக்குள் அது தோலில் ஊறிவிடும். தடிப்பாகப் பூசியிருக்கும்போதும், புண் திறந்திருந்து நீர் படக் கூடாது என்று வைத்தியர் சொல்லும்போதும் என்ன செய்வது என்பதை மௌலவியா ஆசிரியையிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை வைத்திருக்கிறது.

அந்த ஆசிரியைதான் எனக்கு ஒரு ஹதீஸை நினைவூட்டினார். ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரழி) அவர்களுக்கும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்களுக்கும் உடலில் அரிப்பு இருந்தது. ஆண்களுக்குத் தடுக்கப்பட்ட பட்டாடையை அந்த அரிப்புக்காக அவ்விருவரும் அணிய நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி. சுவர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் கூறப்பட்ட பத்து ஸஹாபாக்களில் இருவர் அவர்கள். அவர்களுக்கும் அரித்தது, அது மறைக்கப்படவில்லை, தோலுக்கு இதமான துணி அனுமதிக்கப்பட்டது. அதைக் கேட்ட இரவு நான் வெகுநேரம் விழித்திருந்தேன், இம்முறை கடியினால் அல்ல.

துணி என்றதும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். வியர்வையை உள்ளே அடைத்து வைக்கும் பொலியெஸ்டர் ஹபாயாவும் சீருடையும் கரப்பன் உள்ளவருக்குப் பகலெல்லாம் ஒரு தண்டனை. உள்ளே ஒரு மெல்லிய பருத்திச் சட்டை போட்டால் பாதித் துன்பம் குறையும். கஞ்சி போடாதீர்கள், சலவைத்தூள் போக இன்னொரு முறை அலசுங்கள். பெருநாளைக்குக் கறுப்பு மருதோன்றிக் கோன் வாங்கும் தோழிகளே, இலையை அரைத்து வைத்தால் கறுப்பு வராது. அந்தக் கோன்களில் பலவற்றில் பீபீடி என்ற சாயம் இருக்கிறது, அது கொப்புளமாக்கிவிடும்.

இன்னுமொன்று, இதில் தாமதிக்கக் கூடாது. கரப்பனில் மஞ்சள் பொருக்குத் தட்டினால், சலம் வைத்தால், அல்லது காய்ச்சலோடு ஒரே மாதிரியான சிறு குழிப்புண்கள் வேகமாகப் பரவினால் அது கிருமித் தொற்று. அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். களிம்பு பூசிப் பார்த்துக்கொண்டு இருக்கும் விடயமல்ல.

பெற்றோரிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, மரியாதையோடுதான் சொல்கிறேன். எங்கள் கையைப் பார்க்கும்போது உங்களுக்கு முதலில் கலியாணப் பேச்சு நினைவுக்கு வருகிறது. எங்களுக்கு நினைவுக்கு வருவது இரவு. எல்லோரும் தூங்கிய பிறகு இரண்டு மணிக்குத் தலையணை உறையில் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டு கிடப்பதும், காலையில் விரிப்பில் இரத்தத்தைக் கண்டு நீங்கள் ஏசுவதும், "சொறியாதே" என்று நூறு தடவை கேட்பதும். சொறியாமல் இருக்க ஏலுமென்றால் இருந்திருப்போம் அல்லவா? நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், நனைத்த துணியைக் கையில் வைத்துவிடுங்கள், கிளினிக் கொப்பியில் எழுதிய திகதிக்குக் கூட்டிப்போங்கள். அங்கே காசும் கேட்கமாட்டார்கள். இது அடியோடு மாறிவிடும் என்று எனக்கு யாரும் வாக்குறுதி தரவில்லை. அடக்கி வைத்து வாழலாம் என்றார்கள். என் முகம் பழைய நிலைக்கு வர ஏழு மாதமாயிற்று. மணிக்கட்டு இப்போது பெரும்பாலான நாட்களில் அமைதியாக இருக்கிறது, பரீட்சைக் காலம் தவிர.

எங்கள் தம்பிக்கு நாலு வயது. அவனுக்கும் முழங்கால் மடிப்பில் தொடங்கிவிட்டது. சென்ற வெள்ளிக்கிழமை அவனைக் குளிப்பாட்டி உம்மா மடியில் வைத்துக்கொண்டிருந்தபோது அயல்வீட்டு மாமி வந்தார். பிரிட்ஜுக்கு வெளியே, தட்டின்மீது, டியூப் திறந்திருந்தது. உம்மா சுட்டுவிரலை நீட்டி, நுனியிலிருந்து முதல் மடிப்புவரை ஒரு வெள்ளைக் கோடு பிதுக்கினார். மாமி கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இது அந்த மருந்தில்லியா?"

"அதேதான். இவ்வளவுதான் அளவு," என்றார் உம்மா. "நீங்க அந்த டப்பாவ இன்னும் பூசுறீங்களா?"

மாமி பதில் சொல்லவில்லை. பிறகு தன் முந்தானையைக் கொஞ்சம் விலக்கி, கன்னத்தின் ஓரத்தைக் காட்டி, கிளினிக் எந்த நாள் என்று கேட்டார்.